பேல் பஜாரில் மலைக்கு உடுப்பு வாங்குவது

ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புகள் மலிவாக விற்கும் நுவரெலியா பேல் பஜாருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது உப்பிய ஜக்கெட்டுகள்தான். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வேனை விட்டு நடுங்கிக்கொண்டு இறங்குவார்கள். அதில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டு, கிரகரி ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஏரிக்கரைக்கு அது போதும். விடியற்காலையில் மலை ஏறி, ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து, சாரலில் நனைந்து, பத்து மணி வெயிலில் காய்ந்து இறங்குகிறவர்களுக்கு அந்தப் பஜாரில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது. உடம்பைத் தொடுகிற துணியில் தொடங்கி வெளியே வர வேண்டும். பெரும்பாலோர் வெளியில் தொடங்கி, உள்ளே வருவதற்குள் காசு தீர்ந்து, பருத்தி பனியனோடு மலை ஏறுகிறார்கள்.

பறவை பார்க்கவும் படம் பிடிக்கவும் வருகிறவர்களை ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஹக்கல பக்கமும் அழைத்துப் போவது என் தொழில். பட்டிப்பொலவிலிருந்து சமவெளிக்கு ஏறும் பாதையோரத்தில் அரெங்கா குளம் என்று ஒரு சிறிய நீர்நிலை இருக்கிறது. இலங்கையில் மட்டுமே வாழும் கருநீலச் சீழ்க்கைப் பறவையைப் பார்க்க அங்கேதான் காத்திருப்போம். இருட்டோடு இருட்டாகப் போய் உட்கார்ந்தால்தான் அது முகம் காட்டும். ஏறும்போது முதுகு வியர்க்கும். உட்கார்ந்த பிறகு அந்த வியர்வையே எதிரி. கையை அசைத்தால் உடுப்பு சரசரக்கக் கூடாது. துப்பாக்கி இல்லை என்பதைத் தவிர இது முழுக்க வேட்டைக்காரர்களின் பாடு. எனக்கு உடுத்தக் கற்றுக்கொடுத்தவரும் ஒரு வேட்டைக்காரர்தான்.

அவர் என் பெரியப்பா மகன். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறார். நவம்பர் வந்தால் வெள்ளைவால் மான் வேட்டைக்கு அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் பிறந்து, சிறுவயதில் ஒரே கம்பளிக்குள் நான்கு பேராகப் படுத்தவர், இப்போது உள்ளாடை, நடு உடுப்பு, மேலுடுப்பு என்று அடுக்கடுக்காகப் பேசுவதைக் கேட்க எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. ஆனால் அவர் சொன்ன ஒரு விதியை நான் இன்றும் மாற்றவில்லை. "தங்கச்சி, ஏறத் தொடங்கும்போது உனக்குக் குளிரவில்லை என்றால் நீ கூடுதலாக உடுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம். வியர்த்த பிறகு கழற்றிப் பயனில்லை. வியர்ப்பதற்கு முன்னே கழற்று."

"அண்ணா, அங்கே பனி கொட்டுகிறது. இங்கே அந்த அளவுக்குக் குளிரா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நம் ஊர்க் குளிர்தான் பொல்லாதது. இங்கே விழுகிற பனியை உடுப்பிலிருந்து தட்டிவிடலாம். அங்கே விழுவது தண்ணீர் அல்லவா?"

அவர் சொல்வது சரி. சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில இரவுகளில் புல்லின் மேல் பனி உறைந்து, விடியும்போது வெளி முழுவதும் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். அதே நாள் நடுப்பகலில் கழுத்து கறுத்துப்போகும் வெயில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சாரலைப் படுக்கைவாட்டில் அடிக்கும். ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை. இவை போதாதென்று எந்த மாதத்திலும் ஒன்பது, பத்து மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து, உலக முடிவு என்று பெயர் பெற்ற செங்குத்து மலைவிளிம்பைச் சுவடில்லாமல் மறைத்துவிடும். பத்துப் பாகைக் குளிர் காய்ந்த உடம்பை ஒன்றும் செய்யாது. நனைந்த உடம்பு அதே குளிரில் பல்லைக் கிட்டிக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே இங்கே அடுக்கடுக்காக உடுத்துவதன் முதல் வேலை சூடேற்றுவது அல்ல, காய்ந்த நிலையில் வைத்திருப்பது.

உள்ளாடைக்கு வருகிறேன். அண்ணன் அனுப்பிய பொதியில் இருந்தவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது நீளக் கை வைத்த மெரினோ கம்பளிச் சட்டை. மெரினோ ஆட்டின் மயிரிழைத் தடிப்பு பெரும்பாலும் 20 மைக்ரோனுக்கு உட்பட்டது, அதனால் உடம்பில் அரிக்காது. அம்மாயி போர்த்திக்கொண்ட தோட்டத்துக் கம்பளி அரித்ததற்குக் காரணம் கம்பளி என்பது அல்ல, அதன் இழை முரடு. கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. நாள் முழுக்கப் போட்டுவிட்டுக் கொடியில் போட்டால் மறுநாள் வியர்வை நாற்றம் இருக்காது. வேட்டைக்காரர்கள் இதை விரும்புவதற்கு அந்த நாற்றமின்மையும் ஒரு காரணம், மான் மூக்கால் பார்க்கிற பிராணி. எனக்கு வேறு காரணம்: லயத்துக் குளியலறையில் குளிர்காலத்தில் தினமும் துவைத்துக் காயவைப்பது நடக்கிற காரியம் அல்ல.

அவர் அனுப்பியது சதுர மீற்றருக்கு 200 கிராம் துணி. நம் ஏற்றங்களுக்கு 150 கிராம் போதும், அதுவே நல்லது என்பேன். 200 கிராம் துணியைப் போட்டுக்கொண்டு ஒஹியவிலிருந்து ஏறினால் பாதி வழியிலேயே வேகும்.

பேல் பஜாரில் மெரினோ கிடைக்குமா? தேடினால் எப்போதாவது கிடைக்கும். பெரும்பாலும் கடைக்காரருக்கே அது என்னவென்று தெரியாது, சாதாரண மெல்லிய சுவெட்டர்களோடு கிடக்கும். உட்பக்கத் தையலில் துவைக்கும் முறை எழுதிய சிறு நாடா பெரும்பாலும் மிச்சமிருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். நாடா இல்லையென்றால் ஓரத்தில் தொங்கும் ஒரு நூலைக் கேட்டு வாங்கி வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, விரலில் நசுக்கினால் பொடியாகிவிட்டால் கம்பளி. உருகி, கடினமான கறுப்பு மணியாக உருண்டால் பொலியஸ்டர். கடதாசி எரிவது போல் எரிந்து சாம்பலானால் பருத்தி, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மெரினோ இல்லாவிட்டால் கவலை வேண்டாம். விளையாட்டு வீரர்கள் போடுகிற பொலியஸ்டர் டீ சேர்ட் பஜாரில் மலிந்து கிடக்கிறது. நான் 600 ரூபாவுக்கு வாங்கியது இன்றும் உழைக்கிறது. பொலியஸ்டர் தன் எடையில் ஒரு வீதம்கூட ஈரம் உறிஞ்சாது, அதனால் சட்டென்று காயும். நாற்றம் மட்டும் மாலைக்குள் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிவிடும். பருத்தி பனியன் இதற்கு நேர் எதிர்: வியர்வையைக் குடித்து, பிடித்துக்கொண்டு, உட்கார்ந்ததும் முதுகில் ஈரத்துணி ஒத்தடம் போடும். வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதே, மேலே எவ்வளவு விலை உயர்ந்த ஜக்கெட் போட்டாலும் பரவாயில்லை, உள்ளே பருத்தி வேண்டாம் என்பதுதான். பாதிப்பேர் கேட்பதில்லை. உலக முடிவில் அவர்கள் தேநீர்க் குடுவையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தே யார் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

நடு உடுப்பு என்றால் பிளீஸ். பேல் பஜாரின் உண்மையான பலம் இங்கேதான். 1979இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்து ஆலை ஒன்றில் பிறந்த, பஞ்சு போல் மெத்தென்ற இந்தப் பொலியஸ்டர் துணி, மலைநாட்டுக்கென்றே செய்ததாக எனக்குத் தோன்றும். நனைந்தால் பிழிந்து உதறிப் போட்டுக்கொள்ளலாம். சத்தமே வராது. குறை என்னவென்றால் காற்று ஊடுருவும், புல்விதை ஒட்டும், சமவெளியில் பரவிக் கிடக்கும் உலெக்ஸ் முட்செடியில் உரசினால் நூல் இழுத்துவிடும். ஐரோப்பாவிலிருந்து வந்த அந்த மஞ்சள் பூச்செடியை நான் சபிக்காத நாள் இல்லை.

இங்கே என் தங்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலையொன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். 1978இல் தொடங்கிய அந்த வலயத்துக்கு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் போயிருக்கிறார்கள். குளிர் நாடுகளுக்கு அங்கே தைக்கிற ஜக்கெட்டில் தேறாதது, மிஞ்சியது, ஓடர் இரத்தானது எல்லாம் சுற்றிச் சுழன்று இந்தக் கடைகளுக்கு வருகின்றன. அவளோடு பஜாருக்குப் போவது தனி அனுபவம். நான் நிறம் பார்ப்பேன், அவள் உடுப்பை உட்புறமாகத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குவாள். பிழையைக் காட்ட ஒட்டிய அம்புக்குறி ஸ்டிக்கர் சிலவற்றில் அப்படியே இருக்கும். "இது ஷேட் பிழை, இடது கை வேறு சுருள் துணி, போட்டுக்கொள்ளலாம். இது எண்ணெய்க் கறை, போட்டுக்கொள்ளலாம். இது தோள் தையலில் ஊசி தாவியிருக்கிறது, பை மாட்டினால் பிரியும், வைத்துவிடு" என்று அடுக்கிக்கொண்டே போவாள். நிறப் பிழையும் கறையும் நமக்கு இலாபம். அந்தப் பிழைக்காகத்தான் விலை விழுந்திருக்கிறது, மலையில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

சிப் பக்கத்தில் தையல் விட்டிருந்த ஒரு பச்சை பிளீஸைக் காட்டி, "நானா, இதைப் பாருங்கள், பிரிந்திருக்கிறதே" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, அது பிரிந்ததால்தான் என் கடையில் தொங்குகிறது. பிரியாவிட்டால் இப்போது லண்டனில் தொங்கும்" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே 1,400 ரூபாவைக் கொடுத்து வாங்கினேன். தையலைத் தங்கை ஒரு மாலையில் சரி செய்துவிட்டாள். கைகளில் கட்டைவிரலுக்கு ஓட்டை வைத்தது அது. கையுறையோடு சேர்த்து இழுத்துவிட்டால் மணிக்கட்டில் குளிர் ஏறாது. வாங்கும்போது இந்த ஓட்டையைத் தேடுங்கள். பெண்கள் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. பெண்களுக்கென்று தைத்த ஏற்றுமதி பிளீஸ்கள் இடுப்போடு நின்றுவிடும், கை மட்டும் நம் உயரத்துக்கு ஒரு சாண் நீளம். குனிந்து உட்கார்ந்தால் முதுகுத்தண்டில் காற்றடிக்கும். ஆண்களின் மிகச்சிறிய அளவைப் போட்டுப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே இறங்குகிறதா என்பதே முக்கியம், அழகு பிறகு.

இனி மேலுடுப்பு. அதிகப் பணம் இதில்தான் போகும், அதிக ஏமாற்றமும் இதில்தான். மழை ஜக்கெட் என்று பஜாரில் தொங்குவதில் பாதி மழைக்கானது அல்ல, காற்றைத் தடுக்கிற மெல்லிய நைலோன். கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. துணியை வாயில் அழுத்தி வைத்துப் பலமாக ஊதுங்கள். மறுபுறம் கையில் காற்றுப் பட்டால் மழையும் வரும். காற்றுப் படாவிட்டால் உட்புறமாகத் திருப்பித் தையல்களைப் பாருங்கள். ஒவ்வொரு தையலின் மேலும் பளபளப்பான நாடா ஒட்டியிருக்க வேண்டும். தொப்பியும் கழுத்தும் சேருகிற இடம், அக்குள் ஆகிய இரண்டு இடங்களிலும் அந்த நாடா சுருண்டிருந்தால் வேண்டாம். என் தங்கையின் கணக்கில் மழை ஜக்கெட் தேறாமல் போவதற்கு அந்த நாடாதான் பெரும்பாலும் காரணம். நிறப் பிழையில் நாம் தப்பிக்கலாம், நாடாப் பிழையில் முடியாது.

வியர்வையை வெளியே விட்டு மழையைத் தடுக்கும் சவ்வு வைத்த ஜக்கெட் இருந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். 1969இல் பொப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லோன் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து, நுண்ணிய துளைகள் நிறைந்த தாளாக்கியதிலிருந்து இந்தப் பேச்சு வளர்ந்தது. அண்ணன் அனுப்பியதிலும் அப்படி ஒன்று இருந்தது. ஒன்ராறியோவின் காய்ந்த குளிரில் அது வேலை செய்வதை நான் சந்தேகிக்கவில்லை. உள்ளே ஈரமும் சூடும் கூடி, வெளியே காய்ந்திருந்தால்தான் நீராவி வெளியே ஓடும். நம் மூடுபனியில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கிறது, அதோடு வெளித்துணியும் ஊறிவிட்டால் நீராவிக்கு வழி எங்கே? கிரிகல்பொத்தைப் பாதையில் அதைப் போட்டு ஏறினால் மழையில் நனைந்ததா வியர்வையில் நனைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவில்தான் வந்து சேர்வோம்.

ஆகவே நான் சவ்வின் பெயரைப் பார்ப்பதில்லை, அக்குளில் சிப் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கையைத் தூக்கினால் விலாவரை திறக்கிற சிப். அதைத் திறந்து, கழுத்தைத் திறந்து, கைப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஏறினால் உள்ளே காற்றோட்டம் கிடைக்கும். இப்போது நான் போடுவது பேல் பஜாரில் 4,500 ரூபாவுக்கு வாங்கிய அடர்பச்சை ஜக்கெட். அக்குள் சிப் இருக்கிறது, தொப்பிக்கு முன்விளிம்பு இருக்கிறது, முத்திரை வெட்டப்பட்டதால் யார் செய்தது என்று தெரியாது. குறை இரண்டு. கைப்பட்டையில் வெல்குரோ வைத்திருக்கிறார்கள். பறவை பக்கத்தில் இருக்கும்போது அதைப் பிரித்தால் குளம் முழுவதும் கேட்கும். தங்கையிடம் கொடுத்து அந்த வெல்குரோவை எடுத்துவிட்டு அமுக்குப் பொத்தான் வைத்தேன். அதைவிடப் பெரிய குறை, நைலோன் துணி சரசரக்கிறது. ஏறும்போது மழை சத்தத்தில் தெரியாது, உட்கார்ந்தால் காட்டிக்கொடுக்கும்.

சரசரப்புக்கு வேட்டைக்காரர்களிடம் பழைய மருந்து உண்டு. ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து வேட்டைக்காரர்கள் லோடன் என்ற தடித்த கம்பளித் துணியில் மேலங்கி தைத்துப் போடுவார்கள். சாரலைத் தாங்கும், கிளையில் உரசினாலும் சத்தம் வராது. அண்ணன் இதைச் சொன்னபோது நான் பெட்டியைத் திறந்து அம்மாயியின் கம்பளியை எடுத்தேன். தோட்டத்தில் ஆட்களுக்குக் கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட அதே கறுத்த முரட்டுக் கம்பளி. மழையில் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்த தலைமுறை, லோடன் என்ற பெயரைக் கேள்விப்படாமலே அதே பயனை அனுபவித்திருக்கிறது. உட்காரும் இடத்துக்கு வந்ததும் ஜக்கெட்டின் மேலே அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறேன். சரசரப்பு அடங்கிவிடுகிறது, உருவமும் கலங்கிப் பாறை ஓரமாகத் தெரிகிறது. எடைதான் கொஞ்சம் கூடுதல். நனைந்தால் இரட்டிப்பு. அப்படிப்பட்ட நாளில் இறங்கும்போது சுமக்கச் சொல்லித் தங்கையின் மகனை அழைத்துப்போவேன், அவன் கேட்பது ஒரு பொட்டலம் கடலை மட்டும்.

தோட்டத்துப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற, தண்ணீர் புகாத விரிப்பான படங்கையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். செடி இடுப்புவரை நனைந்திருக்கும்போது காற்சட்டைக்கு மேல் அதைச் சுற்றிக்கொண்டால் தொடை காய்ந்தே இருக்கும், உட்காரும்போது கீழே விரித்தால் பாய். மழைக் காற்சட்டை பஜாரில் உண்டு, வாங்கியும் வைத்திருக்கிறேன், ஆனால் ஏறும்போது உள்ளே குளித்தது போலாகிவிடும். படங்கு காற்றோட்டத்தோடு அந்த வேலையைச் செய்கிறது. ஹார்ட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வெளிநாட்டார் யாராவது இதன் பெயரைக் கேட்டால் சொல்லிவிடுவேன், படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியென்றால் உப்பிய ஜக்கெட்டுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, பைக்குள். ஏறும்போது போடக் கூடாது. உட்கார்ந்ததும், உடம்பு சூடாக இருக்கும்போதே, பிளீஸுக்கு மேல் போட்டு அதற்கு மேல் மழை ஜக்கெட்டைப் போட வேண்டும். உள்ளே வாத்து இறகு வைத்ததை வாங்காதீர்கள், நனைந்தால் இறகு ஒட்டிச் சுருங்கிச் சூட்டை விட்டுவிடும். செயற்கைப் பஞ்சு வைத்தது எடை கூடினாலும் நனைந்த பிறகும் ஓரளவு காக்கும். கையால் அழுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: இறகு வைத்ததில் விரலுக்குச் சிறு ஈர்க்குத் தட்டுப்படும்.

கால், தலை பற்றிச் சுருக்கமாக. கம்பூட்ஸ் என்ற ரப்பர் சப்பாத்தைப் போட்டால் மழைக்கும் சேற்றுக்கும் கவலையில்லை, உள்ளே தடித்த கம்பளிக் காலுறை வேண்டும். ஹக்கல பக்கக் காட்டுக்குள் இரத்தம் குடிக்கும் அட்டை உண்டு. முழங்கால்வரை கட்டுகிற நெருக்க நெசவு அட்டை உறையும் அதன் விளிம்பில் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். தலைக்குப் பிளீஸ் குல்லாய். குடையைப் பழிக்காதீர்கள், காற்றில்லாத மழையில் எந்த ஜக்கெட்டையும்விட அது மேல்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் வேட்டைக்குப் போகும்போது செம்மஞ்சள் மேற்சட்டையும் செம்மஞ்சள் தொப்பியும் போடுகிறார். துப்பாக்கி வேட்டைக் காலத்தில் ஒன்ராறியோவில் அது சட்டம், மற்ற வேட்டைக்காரர் சுட்டுவிடாமல் இருப்பதற்கு. மானுக்கு அந்த நிறம் மங்கலாகத்தான் தெரியும், நீலமே அதற்குப் பளிச்சென்று தெரியும். பறவைகளின் கண் வேறு. நம்மைவிட அதிக நிறங்களைப் பார்க்கும், புறஊதாக் கதிரையும் பெரும்பாலானவை பார்க்கும். ஆகவே மங்கிய பச்சை, காய்ந்த புல்லின் பழுப்பு. வெளுப்புக்கூட்டும் சலவைத்தூளில் துவைத்த துணி அந்தப் புறஊதாவை வாங்கிப் பளிச்சிடும், சாதாரண சவர்க்காரத்தில் அலசுங்கள். பொதியில் இலை, கிளை அச்சிட்ட வேட்டை ஜக்கெட் ஒன்றும் வந்தது. அதை நான் வீட்டை விட்டு வெளியே எடுப்பதில்லை. இராணுவ உடை என்று யாராவது நினைத்து, சோதனைச் சாவடியில் நின்று இது மான் வேட்டைக்கானது என்று விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. வேட்டைக்கானது என்று சொல்வதும் அங்கே உதவாது.

இந்த மலைகளில் வேட்டைக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. 1840களின் இறுதியில் நுவரெலியாவுக்கு வந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் நாய்களை விட்டு மரை என்ற பெரிய மானைத் துரத்தினார், சமவெளியில் உள்ள நீர்வீழ்ச்சி அவர் பெயரில் இருக்கிறது. இப்போது நடப்பது பெரும்பாலும் கம்பிச் சுருக்கு. பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அப்படி மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டும் சில நாட்களில் இறந்துபோனது. என்னோடு வருகிற இளைஞர்களிடம் சுருக்குக் கம்பியைக் கண்டால் அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போடச் சொல்வேன். அதற்கும் ஜக்கெட்டில் ஒரு பெரிய பை வேண்டும்.

விடியற்காலையில் நடைமுறை இப்படி. பட்டிப்பொலவில் வண்டியை விட்டு இறங்கும்போது மெரினோவும் மழை ஜக்கெட்டும் மட்டும், அக்குள் சிப் திறந்தபடி. பல் கிட்டும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏற்றம் தொடங்கியதும் சரியாகிவிடும். குளத்துக்குக் கொஞ்சம் முன்னே நடையைக் குறைத்து, மூச்சும் வியர்வையும் அடங்க விட்டு, பிறகு பிளீஸ், அதன் மேல் பஞ்சு ஜக்கெட், அதன் மேல் மழை ஜக்கெட், கடைசியில் கம்பளி. உடுத்துகிற சத்தம் எல்லாம் அங்கேயே முடிந்துவிட வேண்டும். உட்கார்ந்த பிறகு கைக்கு வேலை இல்லை. வெயில் வந்ததும் எதிர் வரிசையில் கழற்றி, பத்து மணிக்குத் திரும்பவும் மெரினோவோடு நிற்பேன். பை வீங்கியிருக்கும், அதனால் பை வாங்கும்போது பொருளுக்கு அல்ல, கழற்றிய உடுப்புக்கு இடம் பாருங்கள்.

பராமரிப்பில் பேல் பஜார் ஜக்கெட்டைக் கெடுப்பது அடுப்புதான். லயத்தில் அடுப்புக்கு மேலே கொடியில் போட்டால் ஒரே இரவில் காய்ந்துவிடும், பிளீஸும் பஞ்சும் பொறி பட்டால் உருகி ஓட்டையாகும். நைலோனில் புகை நாற்றம் ஏறினால் நாளெல்லாம் போகாது, பறவைக்கு அது ஒன்றுமில்லை, மரைக்கு மைல் தூரத்திலேயே செய்தி போய்விடும். மழை ஜக்கெட்டில் தண்ணீர் முத்தாக உருளாமல் துணி ஊறத் தொடங்கினால், அலசிக் காயவைத்து, மேலே ஒரு துணி விரித்து, இஸ்திரிப்பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் தேயுங்கள். பெரும்பாலும் மீண்டும் உருளும். துணியை மிருதுவாக்கும் திரவம் எந்த அடுக்குக்கும் வேண்டாம்.

ஏப்ரல் வசந்த காலத்தில் பஜாருக்குப் போகாதீர்கள். கொழும்புக் கூட்டம் நிறைந்திருக்கும், கடைக்காரர்கள் விலையைக் குறைக்கவே மாட்டார்கள், தங்கையை அழைத்துப்போனாலும் உடுப்பைத் திருப்பிப் பார்க்க இடம் கிடைக்காது. மே மாதம் பருவக்காற்று தொடங்கியதும் மழை ஜக்கெட்டுகள் முன்வரிசைக்கு வரும், அவற்றின் விலையும் ஏறும். பெப்ரவரி நடுவில், வார நாளொன்றில், காலை பத்து மணிக்கு முன்னே போங்கள். முதல் வியாபாரம் ஆகாத கடைக்காரர் பேரத்துக்கு இறங்குவார், புது மூட்டையை உங்கள் கண்முன்னே பிரிக்கவும் வாய்ப்பு இருக்கிறது.